ஒரு பல்லுக்கு ஒரு மாசச் சம்பளமா?

பல் வலிக்கு நேரம் காலம் கிடையாது. பகலெல்லாம் சும்மா இருந்த பல், ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறிக்கும். கிராம்பு வைத்துக் கடித்தாயிற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. தைலம் தடவியாயிற்று. எதற்கும் கேட்கவில்லை. "எவ்வளவு செலவானாலும் சரி, வலி நின்னாப் போதும்" என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தவன், பொழுது விடிந்ததும் எந்தத் தெருவில் பல் டாக்டர் போர்டு தெரிகிறதோ அங்கே ஓடுகிறான்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகுதான் கணக்குத் தெரிகிறது. போனது ஒரு பல்லுக்கு. டாக்டர் சொல்வதோ ஆறு பல்லுக்கு! "இதுக்கு ரூட் கேனால் பண்ணி கேப் போடணும். பக்கத்துப் பல்லும் சொத்தை. மேல ரெண்டு பழைய அடைப்பை மாத்தணும். ஞானப் பல் ரெண்டையும் எடுத்துடலாம்."

வலிக்கிற அந்த ஒரு பல்லுக்கு 18,000 ரூபாய், எல்லாம் சேர்ந்து 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாசம் 18,000 சம்பளம் வாங்கும் கடைச் சிப்பந்திக்கு ஒரு பல்லுக்கு ஒரு மாசச் சம்பளம். ஆறு பல்லுக்கு மூன்றரை மாசச் சம்பளம். வீட்டு வாடகை எங்கே? பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் எங்கே?

நாற்காலியில் இருப்பவர் எதிர்க் கேள்வி கேட்கலாம் என்றால் வாய் நிறையப் பஞ்சு! தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார். "நெஜமாவே இத்தனையும் பண்ணணுமா? இல்லே, நம்ம தலையிலே மிளகா அரைக்கிறாங்களா?" என்கிறார் மனைவி. "பல் டாக்டர்னாலே இப்படித்தான் மாமா, ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் பேசாம இருங்க" என்கிறான் மைத்துனன்.

யார் பேச்சை நம்புவது? டாக்டரையா, மைத்துனனையா?

நாம் சொல்வது இதுதான்: வலி வேறு, பில் வேறு. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வலிக்கு இன்றைக்கே வைத்தியம் பாருங்கள். பெரிய பில்லுக்கு மட்டும் அன்றைக்கே தலையாட்டாதீர்கள்.

சொல்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே

அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணி வாங்கினால் கசக்கிப் பார்க்கலாம். கடைவாய்ப் பல்லில் என்ன ஓட்டை என்று நாம் எப்படிப் பார்ப்பது? கண்ணாடியில்கூடச் சரியாகத் தெரியாது. பழுது இருக்கிறது என்று சொல்பவரும் பழுது பார்த்துக் காசு வாங்குபவரும் ஒருவரே. பழுது பார்த்த பிறகும், அது தேவைதானா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடமும் இதே கதைதான். ஆனால் வண்டியை விற்றுவிடலாம், பல்லை விற்க முடியுமா?

வெளிநாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகையின் எழுத்தாளர் ஒருவர் தமது வாயைத் தெரிந்த பல் டாக்டர்களிடம் முதலில் காட்டி, இருக்கிற பழுது என்ன என்று தெரிந்துகொண்டார். பிறகு அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் போனார். வாய் ஒன்றுதான். சொன்ன தொகையோ 500 டாலருக்குக் கீழே தொடங்கி 30,000 டாலர் வரை எட்டியது!

சுவிட்சர்லாந்தில் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஒருவரை 180 பல் டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அவருக்கு இருந்தது மேலோட்டமான சொத்தை, அடைக்கத் தேவையில்லாதது. 2020ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: 100க்கு 28 இடங்களில் தேவையில்லாத சிகிச்சையைச் சொன்னார்கள்.

"பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே" என்று மைத்துனன் துள்ள வேண்டாம். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 100க்கு 72 இடங்களில் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்த வருமானத்தை வேண்டாம் என்று சொன்ன டாக்டர்கள்தான் அதிகம். நம் நகரத்திலும் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவது பாவம். சந்தேகப்பட்டுச் சும்மா இருப்பது ஆபத்தும்கூட.

வலி போச்சு, நோய் போகலே

சந்தேகப்பட்டுப் பல்லைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். நாலு நாளில் வலி நின்றுவிடுகிறது. "சரியாப் போச்சு!" என்கிறார்கள். சரியாகவில்லை ஐயா! சில சமயம் பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போவதாலும் வலி நிற்கும். அதற்குப் பிறகு வேரடியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும். ஆறு மாசம் கழித்துக் கன்னம் வீங்கி வரும்போது, அடைப்போடு போயிருக்க வேண்டிய பல்லுக்கு ரூட் கேனால் தேவைப்படும். ரூட் கேனாலில் பிழைத்திருக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வேண்டி வரும். எனவே வலிக்காத பல்லுக்கு வைத்தியம் சொன்னாலே மோசடி என்று நினைப்பது தப்பு.

செலவும் சும்மா வருவதில்லை. கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு வேர்க்குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, நுனி வரை அடைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் வேலை கெடும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் கடிக்கும்போது பிளந்துவிடக் கூடும் என்பதால்தான் பெரும்பாலும் கேப் போடச் சொல்கிறார்கள். அந்தக் கேப்பை வேறு இடத்தில் அளவு கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். அதற்கும் காசு.

ஆனால் தள்ளிப்போடக் கூடிய வேலைகளும் உண்டு. பல்லின் மேல் பூச்சில் மட்டும் இருக்கும் ஆரம்பச் சொத்தையை உடனே குடைய வேண்டும் என்பதில்லை. ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை நன்றாகத் துலக்கி, அடிக்கடி இனிப்பு சாப்பிடுவதைக் குறைத்து, டாக்டரிடம் அவ்வப்போது காட்டிவந்தால் பல சமயம் அது அதோடு நின்றுவிடும். தொந்தரவு இல்லாத, நோய் இல்லாத ஞானப் பல்லை முன்ஜாக்கிரதையாகப் பிடுங்க வேண்டாம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பழைய வெள்ளி அடைப்பு நல்ல நிலையில் இருந்து, அடியில் சொத்தையும் இல்லையென்றால், அதைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்பது 2020ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் சொன்ன யோசனை.

ஆக, ஒரே பில்லில் அவசியமும் இருக்கலாம், அலங்காரமும் இருக்கலாம். எது எது என்று பிரிப்பது எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி நாலு

முதல் கேள்வி: "எந்தப் பல்லு டாக்டர்? எக்ஸ்ரேயில காட்டுங்க." ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரே உண்டு. வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் பெரிய எக்ஸ்ரேயும் உண்டு. சொத்தை நரம்பு வரை போயிருக்கிறதா, வேரடியில் சீழ் இருக்கிறதா என்று கறுப்பு வெள்ளையில் விரல் வைத்துக் காட்டலாம். எக்ஸ்ரேயே எடுக்காமல், கண்ணால் பார்த்தே நாலு பல்லுக்கு ரூட் கேனால் என்றால், எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: "இப்போ செய்யாட்டா என்ன ஆகும்? எத்தனை நாள் தாங்கும்?" நேர்மையான டாக்டர் பிரித்துச் சொல்வார். "இது இந்த வாரமே செய்யணும். இது மூணு மாசம் பொறுக்கும். இதை வருஷம் ஒரு தடவை பார்த்தாப் போதும்." எல்லாமே அவசரம், எல்லாமே இன்றைக்கே என்றால் உஷார்!

மூன்றாவது கேள்வி: "வேற வழி என்ன இருக்கு?" கேப்பிலேயே சாதாரண உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், முழுப் பீங்கான், சிர்கோனியா என்று பல தரம். வெளியே தெரியாத கடைவாய்க்கு எது போதும் என்று கேட்பதில் வெட்கமென்ன? பல் போன இடத்தில் எலும்பில் திருகி வைக்கும் இம்பிளான்ட் ஒன்றுதான் வழியா? பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் உண்டு. கழற்றி மாட்டும் பல் செட் உண்டு. ஒவ்வொன்றிலும் நல்லது எது, கெட்டது எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி: "மொத்தம் எவ்வளவு? எத்தனை தடவை வரணும்? கேப் உடைஞ்சா யார் பொறுப்பு? எழுதிக் கொடுங்க." ரூட் கேனாலுக்கு ஒரு தொகை சொல்லிவிட்டு, கேப்புக்குத் தனி, எக்ஸ்ரேக்குத் தனி, மருந்துக்குத் தனி என்று கடைசியில் கூட்டுவதுதான் சண்டைக்கு வித்து. காகிதத்தில் பல் வாரியாகத் தொகை எழுதி வாங்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

இந்த நாலையும் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டருக்கு இதைவிட நல்ல நோயாளி கிடையாது. கோபித்துக்கொண்டார் என்றால், அதுவே ஒரு பதில்தான்!

காத்திருக்கக் கூடாத நேரம்

கன்னமோ தாடையோ வீங்கினால், பல் வலியோடு காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் யோசனை, விசாரணை எதுவும் வேண்டாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பல்லில் கட்டிய சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்து உயிரையே வாங்கிவிடும்.

வீக்கம் இல்லை, வலி மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே போய் வலியை நிறுத்தும் வைத்தியத்தைச் செய்துகொள்ளலாம். பல்லைத் திறந்து சீழை வெளியேற்றவோ, தற்காலிகமாக அடைக்கவோ 65,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "முதல்ல வலியை நிறுத்துங்க டாக்டர். மத்ததை அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

இரண்டாவது டாக்டர்

அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டியது, இன்னொரு டாக்டரைப் பார்ப்பது. எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதல் டாக்டர் சொன்னதையும் பில்லையும் உடனே எடுத்து நீட்டாதீர்கள். "பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். சிகிச்சையில் ஆதாயம் இல்லாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு இடம் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே, முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? அங்கே கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், நாலு தடவை நடக்க வேண்டும். மாணவர்கள் கை வைப்பார்கள். பக்கத்தில் ஆசிரியர் நின்று பார்ப்பார். ஆனால் உங்களுக்கு ஒரு கேப் கூடுதலாகப் போடுவதால் அங்கே யாருக்கும் காசு வராது. அந்த இடத்தின் பேச்சுக்கு அதனால்தான் மதிப்பு.

இரண்டு டாக்டரும் ஒன்றையே சொன்னால் தைரியமாகச் செய்துகொள்ளுங்கள். பேச்சு மாறினால், உடனே ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நல்ல டாக்டர்கள் இரண்டு விதமாக முடிவு செய்வதும் உண்டு. படத்தைக் காட்டிக் காரணம் சொல்பவர் பக்கம் நில்லுங்கள். நோய் முற்றாது என்று இருவரும் ஒப்புக்கொண்டால், காத்திருக்கும் வழியையே பிடியுங்கள். இன்றைக்கு அடைக்காத பல்லை நாளைக்கு அடைக்கலாம். இன்றைக்கு ராவிய பல்லை நாளைக்கு ஒட்ட வைக்க முடியாது!

தள்ளுபடியும் தவணையும்

"இலவச முகாம்" என்று கூப்பிடுகிறார்கள். போனால் பரிசோதனைதான் இலவசம். "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா 20 சதவீதம் தள்ளுபடி." தீபாவளித் துணிக்குத் தள்ளுபடி சரி, பல்லுக்கு என்ன தள்ளுபடி? இன்றைக்குத் தேவையான சிகிச்சை அடுத்த வாரமும் தேவைதான். அவசரப்படுத்துகிற விலையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"கையில காசு வேண்டாம் சார், தவணையில கட்டலாம்" என்றால் இன்னும் கவனம் தேவை. பல இடங்களில் கடன் கொடுப்பது கிளினிக் அல்ல, நிதி கம்பெனி. முழுத் தொகையையும் கிளினிக் வாங்கிவிடும். வேலை பாதியில் நின்றாலும் தவணை மாசா மாசம் உங்கள் பேங்க் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். வேலை முடிய முடியப் பணம் கொடுப்பதே நல்லது. மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். விபத்தில் உடைந்தால் ஒழிய, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடைக்காது. பாலிசியைப் படித்துவிட்டு நாற்காலியில் ஏறுங்கள்.

இப்படிச் சொல்வதால் ரொம்ப மலிவான இடமே நல்ல இடம் என்று ஆகாது. 2023ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் தொற்று நோயால் இறந்தார்கள் என்று 2025ல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து பயன்படுத்தியதே காரணமாக அதில் சுட்டிக்காட்டப்பட்டது. விலையை விசாரிக்கும்போது, கருவிகளைக் கொதி நீராவியில் சுத்தம் செய்கிறார்களா, உறையை நம் எதிரில் பிரிக்கிறார்களா, கையுறை மாற்றுகிறார்களா என்றும் பாருங்கள்.

சட்டம் பக்கத்தில் இருக்கிறது

பல் டாக்டர் என்று போர்டு போட மாநிலப் பதிவு வேண்டும். பதிவு முறையைக் கொண்டுவந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தைப் பிடிக்க 2023ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் பெயர் எதுவானாலும் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியத்தில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டப்படி வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1995ல் தீர்ப்பளித்தது. சிகிச்சை என்ன, அதில் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008ல் அதே கோர்ட் சொன்னது. ஆக, நாம் மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் சொல்வது டாக்டரின் தயவு அல்ல, கடமை! மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், எழுதிய காகிதம் வேண்டும். வெறும் வாய்ச் சொல்லை வைத்து வழக்கை நிரூபிப்பது கஷ்டம்.

செய்வார்களா?

பல் டாக்டர்களின் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். அந்த நல்ல பெயரைக் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழில் கட்டணப் பலகை மாட்டுங்கள். எந்தப் பல், ஏன், எவ்வளவு, எத்தனை நாள் தாங்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. வேலைக்குப் போகிறவன் வேலை நேரத்தில் வரிசையில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதற்குப் பயந்துதான் மாலையில் விளக்கெரியும் கிளினிக்கைத் தேடிப் போகிறான். கோட்டை ரயில் நிலையத்துப் பல் ஆஸ்பத்திரியில் மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஒரு கவுன்ட்டர் திறக்கட்டும். சிகிச்சைகூட வேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்த்து "இது வேணும், இது வேண்டாம்" என்று சொல்ல இரண்டு டாக்டர்கள் போதும். எத்தனை குடும்பங்களின் நகை அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்!

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் இருக்கும்போதே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்.